முன்னால் பேசினால் கேட்கக் கூடாது: மிட்-சைடு ஒலிப்பதிவில் ஆறு மாலைகள்

நேற்று மாலை கதவுக்கு வெளியே நின்று ஹெட்ஃபோனில் சைடு ட்ராக்கை, அதாவது பக்கவாட்டு ஒலியைப் பிடிக்கும் மைக்கின் பதிவை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். அறைக்குள் மைக்குகளுக்கு நேர் எதிரே உட்கார்ந்து தங்கை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினாள். கதவுக் கண்ணாடி வழியே உதடு அசைவது தெரிகிறது. காதிலோ கிணற்றுக்குள்ளிருந்து யாரோ பேசுவதுபோல மங்கலாக ஏதோ ஒன்று, அவ்வளவுதான். நாற்காலியை ஒரு முழம் பக்கவாட்டில் நகர்த்தச் சொன்னேன். குரல் மெல்ல எழுந்து வந்தது. மறுபடி நடுவுக்கு வந்ததும் அடங்கிவிட்டது. இதற்காகத்தான் ஆறு மாலைகள் போயின.

ஆசை எளிமையானது. தங்கை வாசிக்கும் அக்கூஸ்டிக் கிட்டாரை இதுவரை ஒரே மைக்கில் மோனோவாக, அதாவது ஒற்றைச் சேனலாகப் பதிவு செய்துவந்தேன். ஒலி தெளிவாக இருக்கும், அகலம் இருக்காது. இரண்டு மைக்கைத் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்தபோது அகலம் வந்தது. ஆனால் ஒற்றை ஸ்பீக்கர் உள்ள ஃபோனில் போட்டால் கிட்டாரின் உடம்பே மெலிந்துவிடும். மிட்-சைடு முறையில் இந்தத் தொல்லை இல்லை. மிட் மைக் கருவியை நேராகப் பார்க்கும். சைடு மைக் எட்டு வடிவ ஏற்பு உள்ளது, அதாவது அது கேட்கும் பரப்பை வரைந்தால் 8 போல இருக்கும். இடமும் வலமும் மட்டும் கேட்கும், முன்னும் பின்னும் அதற்குச் செவிடு. மிட்டோடு சைடைக் கூட்டினால் இடது சேனல், மிட்டிலிருந்து சைடைக் கழித்தால் வலது சேனல். இரண்டையும் மோனோவாகச் சேர்த்தால் சைடு தன்னைத்தானே அடித்துக்கொண்டு போய்விடும், மிட் மட்டும் முழுசாக நிற்கும். ஆலன் ப்ளம்லைன் 1931இல் விண்ணப்பித்த ஸ்டீரியோ காப்புரிமையிலேயே இந்தக் கூட்டல் கழித்தல் இருக்கிறது. எஃப்எம் ஸ்டீரியோ வானொலியும் கூட்டலை ஒரு பாதையிலும் கழித்தலை இன்னொரு பாதையிலும் அனுப்புகிறது. அதனால்தான் பழைய மோனோ ரேடியோவிலும் அந்த ஒலிபரப்பு குறையில்லாமல் கேட்கும். கோட்பாடு இவ்வளவு போதும்.

என்னிடம் இருந்தவை: ஒரே மாடலில் ஜோடியாக வாங்கிய இரண்டு பென்சில் கண்டென்சர் மைக்குகள், குரலுக்கு வைத்திருந்த ஒரு பெரிய டயாஃப்ரம் மைக், இரண்டு மைக் உள்ளீடுள்ள இன்டர்ஃபேஸ் (மைக்குகளைக் கணினியோடு இணைக்கும் பெட்டி). மூன்று மைக்குமே கார்டியாய்டு, அதாவது முன்பக்கம் மட்டும் கேட்பவை. எட்டு வடிவ மைக் என்னிடம் கிடையாது. நண்பர் ஒருவரிடம் வடிவத்தை மாற்றும் சுவிட்ச் உள்ள கண்டென்சர் இருந்தது. வட்டம் (எல்லாத் திசையும்), இதயம் (கார்டியாய்டு), எட்டு என்று மூன்று குறி போட்டிருக்கும். அதை ஒரு வாரத்துக்கு இரவல் வாங்கினேன்.

முதல் மாலை. சுவிட்சை எட்டில் வைத்தேன், பென்சில் மைக்கைப் பக்கத்தில் நிறுத்தினேன், இரண்டையும் கிட்டாரைப் பார்க்கத் திருப்பினேன். மைக்கில் பெயர் பொறித்த பக்கம் கருவியைப் பார்க்க வேண்டும் என்பது கைப்பழக்கம். பதிவு செய்து மென்பொருளில் பிரித்துக் கேட்டபோது கிட்டார் மொத்தமும் இடது ஸ்பீக்கரில் போய் ஒட்டிக்கொண்டது. வலப்பக்கம் தகர டப்பா ஒலி. கெயின் (மைக் ஒலியைப் பெருக்கும் அளவு) சரியில்லையோ என்று ஒரு மணி நேரம் குமிழ்களைத் திருகினேன். காரணம் கண்முன்னே இருந்தது. சைடு மைக்கும் கிட்டாரையே முழுசாகக் கேட்டுக்கொண்டிருந்தது. கூட்டிய பக்கம் இரண்டு மடங்காகிவிட்டது, கழித்த பக்கத்தில் மிச்சம் எதுவும் இல்லை. எட்டு வடிவ மைக்கின் முகம் கருவியைப் பார்க்கவே கூடாது. அதன் விளிம்புதான் கருவியைப் பார்க்க வேண்டும்.

இரண்டாம் மாலை 90 டிகிரி திருப்பி வைத்தேன். முகம் எந்தப் பக்கம் என்பதில் குழம்பிப் போனேன். இடது என்றால் யாருக்கு இடது? மைக்குகளுக்குப் பின்னால் நின்று கருவியைப் பாருங்கள். அப்போது உங்களுக்கு எது இடதோ அதுதான் இடது. வாசிப்பவருக்கு அது வலது. பெயர் பொறித்த முகம் அந்த இடப்பக்கம் பார்க்க வேண்டும். மாற்றி வைத்தால் பதிவு கெட்டுவிடாது, இடமும் வலமும் இடம் மாறும், அவ்வளவே. ஆனால் மூன்று நாள் கழித்துக் கேட்கும்போது எது எந்தப் பக்கம் என்று நினைவிருக்காது. அதனால் ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் இடப்பக்கம் போய்ச் சாவிக்கொத்தைக் குலுக்கி, "இது இடது" என்று சொல்லிவிட்டு வருகிறேன். ஐந்து நொடி வேலை.

அன்றைக்குச் செய்த இன்னொரு தவறு, இரண்டு மைக்கையும் தனித்தனி ஸ்டாண்டில் பக்கம் பக்கமாக வைத்தது. கேப்சூல்களுக்கு (மைக்குக்குள் ஒலியை வாங்கும் பகுதி) நடுவே அளந்து பார்த்தால் 10 செ.மீ. சின்ன இடைவெளிதானே என்று தோன்றும். பக்கவாட்டிலிருந்து வரும் ஒலிக்கு அது சுமார் 0.29 மில்லி நொடி தாமதம். இரண்டையும் கூட்டும்போது 1,700 ஹெர்ட்ஸை ஒட்டி ஒரு பள்ளம் விழுகிறது, அதற்கு மேலேயும் வரிசையாகப் பள்ளங்கள். கேட்பதற்குக் குழாய்க்குள் வாசித்த மாதிரி இருந்தது. ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்குவதுதான் வழி. பெரிய மைக்கைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, அதன் கேப்சூலுக்கு நேர் கீழே பென்சில் மைக்கின் மூக்கு வருமாறு வைத்தேன். இடைவெளி 3 செ.மீ.க்குள் வந்தது. செங்குத்தாக இருப்பதால் மைக்கின் உயரத்தில் உள்ள எந்த ஒலியும் எந்தத் திசையிலிருந்து வந்தாலும் இரண்டையும் ஒரே நேரத்தில் தொடும். இதற்கு இரண்டு மைக்கை ஒரே ஸ்டாண்டில் பொருத்தும் ஒரு ஸ்டீரியோ பாரும் கூடுதலாக ஒரு கிளிப்பும் வாங்க வேண்டியிருந்தது. இந்த முயற்சி முழுவதிலும் புதிதாகச் செலவு செய்தது அவற்றுக்கு மட்டும்தான்.

மூன்றாம் மாலையில்தான் எனக்கு உருப்படியான ஒரு விஷயம் பிடிபட்டது. கண்ணால் பார்த்து 90 டிகிரி வைக்க முடியாது. வலைக்கூட்டுக்குள் கேப்சூல் எந்தக் கோணத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. காதால்தான் வைக்க வேண்டும். தங்கையை வாசிக்கும் இடத்தில் உட்கார வைத்துத் தொடர்ந்து பேசச் சொன்னேன். சைடு ட்ராக்கை மட்டும் ஹெட்ஃபோனில் கேட்டபடி பெரிய மைக்கை நெல்முனை அளவு, நெல்முனை அளவாகத் திருப்பினேன். ஒரு புள்ளியில் குரல் சட்டென்று பின்வாங்கியது. அதைத் தாண்டினால் மறுபடி ஏறுகிறது. அந்தப் புள்ளியில் திருகை முடுக்கிவிட்டு மைக்கிலும் கிளிப்பிலும் ஒரே கோடாக வரும்படி டேப் ஒட்டிக் குறித்துக்கொண்டேன்.

அன்று அறைக்குள்ளேயே நின்று கேட்டேன். அவள் குரல் ஹெட்ஃபோனைத் தாண்டி நேராகவும் காதுக்கு வந்துவிடுவதால் எது அடங்கியது, எது அடங்கவில்லை என்று பிரித்தறிவது பெரும்பாடு. கேபிளை நீட்டி அறைக்கு வெளியே வந்து, கையசைத்து இன்னொருவரை மைக்கைத் திருப்பச் சொன்னால் வேலை பாதி நேரத்தில் முடிகிறது.

முழு அமைதி வரும் என்று காத்திருக்க வேண்டாம். மீட்டரில் (பூஜ்யம்தான் உச்சம்) மிட்டில் அவள் குரல் மைனஸ் 16 டெசிபெல்லில் நின்றபோது சைடில் மைனஸ் 30இல் நின்றது. 14 டெசிபெல் வித்தியாசம். அதற்குக் கீழே இறங்கவே இல்லை. நேராக வரும் குரல் மறைந்தாலும் சுவரில் பட்டுத் திரும்புகிற குரலை எந்தக் கோணமும் மறைக்காது. மிச்சமாகக் கேட்பது அறைதான். சொல்லப்போனால் சைடு மைக்கிலிருந்து நமக்கு வேண்டியதும் அதுவே. நான் அதைக் கோளாறு என்று நினைத்து வீணாக அரை மணி நேரம் தேடினேன்.

நான்காம் மாலை மென்பொருளில் போனது. வேலை இதுதான்: சைடு ட்ராக்கைப் படியெடு, ஒன்றை முழு இடதுக்கும் படியை முழு வலதுக்கும் தள்ளு, வலதில் உள்ளதன் போலாரிட்டியைத் தலைகீழாக்கு (அலையின் ஏற்றம் இறக்கமாகும், கழித்தல் இதுதான்), மிட்டை நடுவில் விடு. இதை ஒரே சொடுக்கில் செய்யும் ப்ளக்-இன்கள் உண்டு. முதல் தடவையாவது கையால் செய்யுங்கள் என்பேன். எங்கே தப்பு நடக்கிறது என்பது அப்போதுதான் தெரியும்.

எனக்கு நடந்தது: மிட்டை மியூட் செய்துவிட்டு மோனோ பொத்தானை அழுத்தினேன். இரண்டு சைடும் ஒன்றையொன்று அழித்துச் சுத்தமான அமைதி வர வேண்டும். வரவில்லை, மெல்லிசாகக் கிட்டார் கசிந்தது. படியெடுத்த பிறகு ஒரு ஃபேடரை (ட்ராக்கின் ஒலியளவுக் கட்டுப்பாட்டை) எப்போதோ 0.3 டெசிபெல் இறக்கியிருக்கிறேன். அந்த 0.3 வித்தியாசத்துக்கே மிச்சம் வெறும் 29 டெசிபெல்தான் கீழே இறங்குகிறது. ஃபேடரைச் சரிசெய்தும் கசிவு போகவில்லை. பார்த்தால், ஒரு படியில் மட்டும் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் ஃபில்டரைப் போட்டிருந்தேன். இப்போதெல்லாம் எந்த வெட்டு ஒட்டும் ஃபில்டரும் சைடின் மூல ட்ராக்கில்தான். மூலத்திலிருந்து இரண்டு கிளைகளுக்கு அனுப்பி, ஒரு கிளையில் போலாரிட்டியைத் திருப்பிவிட்டு, கிளைகளை அதற்குப் பிறகு தொடுவதே இல்லை. அகலத்தைக் கூட்டவும் குறைக்கவும் மூல ட்ராக்கின் ஒற்றை ஃபேடர் போதும்.

அந்த ஃபேடரோடு விளையாடியது இந்த முயற்சியிலேயே எனக்கு மிகப் பிடித்த பகுதி. வாசிப்பு முடிந்து கருவி பெட்டிக்குள் போன பிறகும் அகலத்தை மாற்றலாம். கார்டியாய்டு மிட்டும் சைடும் சம அளவில் இருந்தால், ஏறத்தாழ 127 டிகிரி விரித்து வைத்த இரண்டு மைக்குக்கு அது சமம். சைடை 6 டெசிபெல் இறக்கினால் 90 டிகிரியில் வைத்த ஜோடிக்குச் சமம். ஒற்றைக் கிட்டாருக்கு எனக்கு மைனஸ் 6க்கும் மைனஸ் 4க்கும் நடுவே எங்கேயோ காது நின்றது. சைடை மிட்டுக்கு மேலே ஏற்றினால் முதலில் மயக்கும், இரண்டு நிமிடத்தில் நடுவில் பள்ளம் தெரியும், தலை கனக்கும். முதல் நாள் உற்சாகத்தில் ஏற்றிவைத்த அளவை மறுநாள் காலையில் இறக்கிவைத்தேன்.

ஃபேடருக்குச் சமமாகப் பலன் தந்தது இடமாற்றம். பக்கச் சுவரிலிருந்து 60 செ.மீ. தள்ளித்தான் தங்கை வழக்கமாக உட்காருவாள். மோனோ பதிவில் அது உறுத்தியதில்லை. சைடு மைக் அந்தச் சுவரை நேருக்கு நேர் பார்ப்பதால் இடப்பக்கம் மட்டும் பெட்டிக்குள் வாசித்ததுபோல் ஆனது. ஸ்டாண்டோடு எல்லாவற்றையும் அறையின் நடுவுக்குக் கொஞ்சம் தள்ளி, இரண்டு பக்கமும் சுவர்த் தூரம் சமமாக இல்லாதபடி வைத்தோம். அந்த உறுத்தல் அடங்கியது. மைக் தூரம் 55 செ.மீ., உயரம் கிட்டாரின் உயரம், மிட்டின் மூக்கு 12ஆம் ஃப்ரெட்டை (கிட்டார் கழுத்தின் குறுக்கே உள்ள உலோகக் கம்பி) பார்த்து. பதிவு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். மிட்டின் உச்சங்கள் மைனஸ் 12ஐத் தாண்டாமல் பார்த்துக்கொண்டேன்.

இதோடு முடிந்திருக்கும். இரவல் வாங்கிய மைக்கைத் திருப்பிக் கொடுக்கும் நாள் வந்தது. "இனிமே மறுபடியும் மோனோவா அண்ணா?" என்று தங்கை கேட்டதும்தான் கையிலிருக்கும் மைக்குகளை வைத்தே சைடைச் செய்ய முடியுமா என்று யோசித்தேன். முடியும். ஒரே மாதிரியான இரண்டு கார்டியாய்டுகளை எதிரெதிராகத் திருப்பி, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் கிடைப்பது எட்டு வடிவம்தான். இரண்டும் பொதுவாகக் கேட்பது கழிந்துபோகும், இடவல வித்தியாசம் மிஞ்சும். மிட்டுக்குக் குரல் மைக். மூன்று உள்ளீடு வேண்டுமே! அதே நண்பரிடம் நான்கு உள்ளீடுள்ள இன்டர்ஃபேஸ் இருந்தது. மைக்கைக் கொடுத்துவிட்டு அதை வாங்கி வந்தேன்.

ஐந்தாம் மாலை, எதிரெதிர் என்றால் முதுகோடு முதுகு என்று எடுத்துக்கொண்டு இரண்டு பென்சில் மைக்குகளின் வால்களையும் ஒட்டிவைத்தேன். நேர் எதிரே பேசவைத்துப் பார்த்தேன். குரல் அழகாக அடங்கியது. வெற்றி என்று நினைத்துப் பதிவு செய்தால் கிட்டாரின் கூர்மையான ஒலிகள், விரல் கம்பியில் உரசும் ஓசை உட்பட, ஓரிடத்தில் நிற்காமல் அங்கும் இங்கும் தாவின. தாழ்ந்த ஒலிகள் சரியாகத்தான் இருந்தன.

வால்கள் ஒட்டியிருந்தால் மூக்குகள் தூரமாகிவிடுகின்றன. அளந்தேன், 30 செ.மீ. நேர் எதிரேயிருந்து இரண்டுக்கும் தூரம் ஒன்றே, ஆகவே என் அமைதிச் சோதனையில் அது தேறிவிட்டது. ஒலி 10 டிகிரி விலகினால் போதும், பாதையில் 5 செ.மீ. வித்தியாசம் வந்துவிடும். 3,300 ஹெர்ட்ஸில் அது அரை அலை. கழிய வேண்டிய இடத்தில் கூடிவிடுகிறது. கிட்டாரின் உடம்பே அந்த 10 டிகிரிக்கு வெளியே நீண்டிருக்கிறது. ஆக, நடுவில் மட்டும் சோதித்தால் போதாது. பேசிக்கொண்டே ஓரடி, இரண்டடி என்று பக்கவாட்டில் நகரவும் வேண்டும். சைடில் குரல் படிப்படியாக, நிறம் மாறாமல் ஏற வேண்டும். சீறலாகவோ மூக்கால் பேசுவதுபோலவோ மாறினால் கேப்சூல்கள் விலகியிருக்கின்றன என்று பொருள்.

ஆறாம் மாலை, நேற்று. வால்களை விட்டுவிட்டு மூக்குகளைச் சேர்த்தேன். ஒரு மைக்கின் உடம்பு வலப்பக்கம் நீள, மூக்கு இடதைப் பார்க்கும். அதன் மேல் இன்னொன்று தலைமாற்றி. இரண்டு கேப்சூலும் ஒரே செங்குத்துக் கோட்டில், மைக்கின் தடிமனான 2 செ.மீ. மட்டுமே இடைவெளி. கிளிப்புகள் இடித்தன. ஒரு கிளிப்பைக் கழற்றிவிட்டு, மைக்குகளுக்கு நடுவே மெல்லிய ரப்பர் துண்டு வைத்து ரப்பர் பேண்டால் கட்டினேன். குரல் மைக்கைத் தலைகீழாக மேலே தொங்கவிட்டேன்.

கெயின் சமன் செய்ய ஒரு ஸ்பீக்கரை ஒரு மீட்டர் தூரத்தில், மைக்குகளின் உயரத்தில், நேர் எதிரே வைத்துப் பிங்க் நாய்ஸ் (எல்லா அலைவரிசையும் கலந்த இரைச்சல்) ஓடவிட்டேன். வலது மைக்கின் போலாரிட்டியைத் திருப்பி, இரண்டையும் ஒரே பஸ்ஸில் (மென்பொருளில் பல ட்ராக்குகள் சேரும் பாதை) கூட்டி, மென்பொருளின் ட்ரிம்மை (நுணுக்கமான அளவுத் திருத்தம்) 0.1 டெசிபெல்லாக நகர்த்தினேன். இன்டர்ஃபேஸின் குமிழில் இதைச் செய்ய முயன்று கைவிட்டேன். தொட்டாலே அரை டெசிபெல் தாவுகிறது. ஒரே மாடல், அடுத்தடுத்து வாங்கியவை என்றாலும் 1.4 டெசிபெல் ட்ரிம் தேவைப்பட்டது. அந்த இடத்தில் இரைச்சலின் அடிப்பகுதி முழுதும் கரைந்தது, மேலே சன்னமாக ஒரு சீறல் மட்டும் மிஞ்சியது. எவ்வளவு முயன்றும் அது போகவில்லை. உயர்ந்த அலைவரிசைகளில் எந்த இரண்டு மைக்கும் அச்சு அசலாக ஒன்றுபோல் கேட்பதில்லை. நிஜமான எட்டு வடிவ மைக்குக்கும் இந்த ஏற்பாட்டுக்கும் எனக்குத் தெரிந்த வித்தியாசம் இங்கேதான்.

மிட்டும் சைடும் வேறு வேறு மாடல் என்பதால் அவற்றையும் பொருத்த வேண்டியிருந்தது. ஸ்பீக்கரை அதே தூரத்தில் நேர் இடப்பக்கம், 90 டிகிரிக்குக் கொண்டுபோனேன். அங்கே கார்டியாய்டு மிட் தன் முழுத் திறனில் பாதிதான் கேட்கும், சைடு முழுசாகக் கேட்கும். அதாவது சைடு 6 டெசிபெல் கூடுதலாகக் காட்ட வேண்டும். என்னுடையது 9 காட்டியது. சைடு பஸ்ஸை 3 இறக்கி அதையே பூஜ்யமாக எடுத்துக்கொண்டேன்.

பிறகுதான் கதவுக்கு வெளியே போய் அவளை எண்ணச் சொன்னது. அடுத்து மூன்று நிமிடம் வாசித்தாள். சைடை மைனஸ் 5இல் வைத்துக் கேட்டபோது கிட்டார் நடுவில் கெட்டியாக இருந்தது, அதைச் சுற்றி அறை விரிந்தது. மோனோ பொத்தானை அழுத்தினேன். அறை மறைந்தது, கிட்டார் அப்படியே நின்றது.

அடுத்த முறைக்குக் குறித்துவைத்தவை சில. ரப்பர் பேண்ட் கட்டு ஒரு மணி நேரத்தில் இரண்டு டிகிரி சரிந்துவிட்டது. மரத்துண்டில் இரண்டு துளையிட்டு மைக்குகளை உள்ளே செருகும் ஒரு தாங்கி செய்ய வேண்டும். பதிவின் நடுவிலும் கடைசியிலும் ஒரு தடவை அமைதிச் சோதனை செய்ய வேண்டும், தொடக்கத்தில் மட்டும் செய்தது போதவில்லை. மிட்டுக்குக் கார்டியாய்டுக்குப் பதில் எல்லாத் திசையும் கேட்கும் மைக் வைத்தால் சம அளவில் முழு இடது, முழு வலது பார்க்கும் இரண்டு கார்டியாய்டுகள் கிடைக்கும். இரண்டு மூன்று பேர் சுற்றி உட்கார்ந்து பாடுவதற்கு அது பொருந்தும் என்று தோன்றுகிறது. அதற்கு நண்பரின் மைக்கை மறுபடி கேட்க வேண்டும். இன்டர்ஃபேஸைத் திருப்பிக் கொடுக்கும்போது கேட்டுவிடுவேன். மைக்குகள் மூன்றும் இன்னும் அறையின் நடுவே கட்டியபடிதான் நிற்கின்றன, அவிழ்க்க மனம் வரவில்லை.